காலனிச் சேதியின் நாலாம் பக்கம்

மெர்சி ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காலனி முனை டீக்கடையில் நாலைந்து பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அது அவளுடைய பேப்பர். 'காலனிச் சேதி'. மாதம் இரண்டு தடவை, நாலே பக்கம், எண்ணூறு பிரதி. அச்சகத்திலிருந்து கட்டு எப்போதும் அவள் வீட்டுக்குத்தான் வந்து இறங்கும். அவள் பிரித்துக் கொடுத்த பிறகுதான் ஈச்சந்தாங்கல் காலனியில் யார் கையிலும் அது இருக்கும். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு முன்னாலேயே பேப்பர் தெருவுக்கு வந்திருந்தது.

கையுறை தைக்கிற கம்பெனியில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை நின்றுகொண்டே சரிபார்க்கிற வேலை அவளுக்கு. முட்டி இரண்டும் வலித்தது. பெஞ்சில் கிடந்த ஒரு பிரதியை எடுத்து, வழக்கம்போல் பின்பக்கத்தை முதலில் திருப்பினாள். நாலாம் பக்கத்தில் கீழ்ப்பாதி 'போனவர்கள்' பகுதி. அன்புவின் படம் நன்றாக விழுந்திருந்தது. படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தாள்.

'ஈச்சந்தாங்கல் காலனி அன்பு, வயது 24. தகப்பனார் காலஞ்சென்ற சடையப்பன். தாயார் ரோசம்மாள். திடீர் வலிப்பு நோயால் காலமானார்.'

அவள் எழுதிக் கொடுத்தது இது இல்லை. 'ரோலிங் மில்லில் காலை ஷிப்டில் பழுக்கக் காய்ந்த கம்பியைக் கொறடால் பிடிக்கும் வேலையில் இருந்தபோது, அந்தக் கம்பி தெறித்து வயிற்றில் பாய்ந்து இறந்தார்' என்று எழுதியிருந்தாள். எழுதும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தவள். அந்த வரியை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மில்காரன் சொன்னதை நட்டு வைத்திருந்தார்கள்.

டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, மழை பிடிக்கிறதுக்குள்ள ஊடு போய்ச் சேரு மெர்சி என்றார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு, எதிரில் வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, கும்மிடிப்பூண்டி பஜாருக்கு ஏறினாள்.

ஆட்டோவில் ஆறு பெண்கள். எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரோட்டோரத்தில் தேங்கின தண்ணீர் இரும்புத் தூள் கலந்து கறுத்துக் கிடந்தது.

அவள் அப்பா தேசப்பன் அந்தப் பேப்பரை ஆரம்பித்தது எண்பத்து நாலில். காலனிக்காரர்கள் ஊர்ப் பம்ப்செட்டில் தண்ணீர் பிடித்தார்கள் என்று ஒன்பது பேரை அடித்துப் போட்டிருந்தார்கள். ஒருவருக்குக் கண் போனது. மறுநாள் தினசரியில் 'இரு தரப்பினர் மோதல்' என்று நாலு வரி வந்தது. அடிபட்டவர்களில் ஒருவர்கூடக் கை ஓங்கியிருக்கவில்லை. அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு, எந்த ரெண்டு தரப்பு என்று டீக்கடை டீக்கடையாகப் போய்க் கேட்டார் தேசப்பன். அந்த மாதக் கடைசியில் ஒற்றைத்தாளில் முதல் 'காலனிச் சேதி' வந்தது. அப்போது அவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன்.

நாலாம் பக்கத்துக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். தினசரிகளில் காலனிக்காரன் செத்தால் 'கூலித் தொழிலாளி சாவு' என்று வரும், 'வாலிபர் பலி' என்று வரும், பேர் வராது. தேசப்பன் செத்த வீட்டுக்கே போய்த் தரையில் உட்காருவார். பேர் என்ன, அப்பன் பேர் என்ன, ஆத்தா பேர் என்ன, என்ன வேலை, யாரிடத்தில் வேலை, எப்படிச் செத்தான். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டுதான் எழுந்திருப்பார். இருபது வயதிலிருந்து மெர்சி அவரோடு போனாள். அவர் கண் மங்கின பிறகு பன்னிரண்டு வருஷம் அவளே போனாள், அவளே எழுதினாள், அவளே வீடு வீடாகப் போட்டாள். தம்பி எபினேசர் ஒரு வரி எழுதினதில்லை.

ஆனால் சாகிறதுக்கு முன்னால் தேசப்பன் நாலு பேர் முன்னிலையில் சொன்னார், பேப்பர் பையன் பேரில் இருக்கட்டும் என்று. இரண்டு வருஷத்துக்கு முன்பு பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீசில், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மெர்சி கையெழுத்துப் போட்டாள். யார் பேரில் இருந்தால் என்ன, வேலை தன் கையில்தானே இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

துளசிராமன் ஊர்க்காரர். நெல் வயல் உண்டு, பஜாரில் அச்சகமும் உண்டு. இருபது வருஷமாகக் காலனிச் சேதி அவரிடம்தான் அச்சாகிறது. மெர்சி உள்ளே வந்த வேகத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை எபினேசர் வந்து உட்கார்ந்ததையும், புரூப்பை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டுத் தன் கையாலேயே வேறு வரி எழுதினதையும், கட்டைத் தன் ஆட்களை விட்டு எடுத்துப் போனதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணா?”

“அவருதானேம்மா ஓனரு. ஓனர் மாத்துன்னா நான் மாத்தணும். உங்க அக்கா தம்பி விவகாரத்துல நான் எப்படிப் பூர்றது?”

இருபது வருஷமாக அவரிடம் புரூப் திருத்தினவள் அவள். பில்லில் மட்டும் எப்போதும் 'தேசப்பன்' என்றிருக்கும், பிறகு 'எபினேசர்' என்றானது. அந்தப் புரூப்பைக் கொடுங்கள் என்று கேட்டாள். துளசிராமன் கொஞ்சம் யோசித்துவிட்டு, குப்பைத் தாள் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். தம்பியின் கையெழுத்து குண்டு குண்டாக, திருத்தமாக இருந்தது.

எபினேசரின் வீடு காலனியிலேயே மாடி வைத்த வீடு. கீழ் அறைதான் ஆபீஸ். சுவரோரம் மஞ்சள் ஹெல்மெட்டுகள் அடுக்கியிருந்தன. மேஜைமேல் கேட் பாஸ்கள். அந்த ரோலிங் மில்லுக்கு ஆள் கொடுக்கிற காண்டிராக்ட் அவனுடையது. தலைக்கு மேலே தேசப்பனின் படம் மாலையோடு தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“குந்துக்கா.”

“நிக்கறேன். யார் மாத்தனது?”

“நான்தான்.” அவன் மறைக்கவில்லை.

“அன்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனது நீ. உன் சட்டையில அவன் தோலு ஒட்டிக்கினு இருந்திச்சின்னு அவன்கூட வேல பாத்த முனுசாமி சொல்றான்.”

“நான்தான் தூக்கனேன். வண்டியில என் மடியிலதான் கெடந்தான். அந்தச் சட்டைய எரிச்சிட்டேன்.”

“அந்தக் கையாலயே எப்பிட்ரா வலிப்புன்னு எழுதன?”

எபினேசர் உட்கார்ந்தான். ஒரு கேட் பாஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கா, நூத்தி நாப்பது பசங்க கீறானுங்க என் கார்டுல. அத்தினி பேரும் நம்ம பசங்க. நீ எழுதனது அப்பிடியே வெளிய வந்தா திங்கக்கெயமயே வடக்கத்தி ஆளுங்கள கொண்டாந்து எறக்கிடுவேன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொன்னான். அவன் தங்கச்சி ஷைனிக்கு பேக்கிங்ல வேல வாங்கியாந்துகிறேன். அதுக்கு எத்தினி பேர் கால்ல உயுந்தேன்னு உனக்குத் தெரியுமா? செத்தவன் திரும்பி வரமாட்டான். இருக்கறவங்க துன்ன வேணாவா?”

“சர்ரா. நீ உன் மில்லுக்கு இன்னா எழுதிக் குடுத்தியோ அது உன் பாவம். என் பேப்பர்ல எதுக்குப் போட்ட?”

“உன் பேப்பர்ல வலிப்புன்னு வந்தாத்தான் காலனி நம்பும்னு மேனேஜர் சொன்னான்.”

அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். மெர்சி கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். நாற்பது வருஷம் அவள் அப்பாவும் அவளும் நடந்து நடந்து, உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்த நம்பிக்கை அது. அதன் விலை தெரிந்தவன் மில் மேனேஜர் ஒருவன்தான்.

“வித்துட்டியேடா,” என்றாள்.

“நைனா நாப்பது வருஷம் போட்டாரே, எவன் ஜெயிலுக்குப் போனான்? ஒருத்தனச் சொல்லு பாக்கலாம்.”

“ஒருத்தனும் போவல. ஆனா அவனுங்க சொன்ன பொய்ய ஒரு தபாகூட நம்ம பேப்பர்ல நம்ம போட்டதில்ல.”

“பேப்பர் என்னுதுக்கா.” அவன் குரல் உயரவில்லை. “நைனா என் பேர்ல உட்டுட்டுப் போனாரு. நீதான் கையெயுத்துப் போட்டுக் குடுத்த. இனிமே என்னாண்ட காட்டாம ஒண்ணும் வராது.”

மெர்சி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். காலனியில் பாதி வீடுகளில் அந்தப் படம் இருக்கிறது. தாலுகா முழுக்கச் சமத்துவம் கேட்டு மேடை ஏறினவர். மகளுடைய கையெழுத்தில் பன்னிரண்டு வருஷம் பேப்பர் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுதி வைக்கிற நேரம் வந்ததும் பையன் என்றார். அவர்மேல் வருகிற கோபத்தை அவள் இந்தக் காலனியில் யாரிடம் போய்ச் சொல்வாள்? கையெழுத்துப் போட்ட தன் கைமேல் வருகிற கோபத்தை எங்கே வைப்பாள்? வெளியே வந்தாள்.

மழை பிடித்துவிட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முதல் தெருவிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேப்பரைத் திருப்பிக் கேட்டாள். தப்பு வந்துவிட்டது, கொடுத்துவிடுங்கள் என்றாள். சிலர் எடுத்துக் கொடுத்தார்கள். என்ன தப்பு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் மட்டும், என் பையனும் எபி கார்டுலதான் போறான், உட்டுடு மெர்சி என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மூன்றாவது தெருவுக்கு வருவதற்குள் இடுப்பில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது.

மூன்றாவது தெருவில்தான் ரோசம்மாள் வீடு. சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம் என்றுதான் மெர்சி நினைத்தாள். ஆனால் ரோசம்மாள் வாசலிலேயே நின்று கூப்பிட்டுவிட்டாள்.

உள்ளே ஷைனி குழம்புக்குச் சென்னாக்கூனிக் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். கடல் வாடை வீடு முழுக்க நிறைந்திருந்தது. மகன் போன இந்தப் பதினோரு நாளில் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் குழம்பு என்று ஒன்று கொதிக்கிறது. ரோசம்மாள் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிறவள், அதற்கு முன்னால் நாற்று நட்டவள். எழுத்து தெரியாது. ரேஷன் அட்டை வைக்கிற பிளாஸ்டிக் கவரிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினாள். மழைத்தண்ணி படாமல் அதில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

“ஷைனி படிச்சிக் காட்னா. உன் வாயால ஒரு தபா கேக்கணும் மெர்சி. உங்க நைனாவும் நீயும் எங்க ஊட்டுக்காரு செத்தப்ப இங்கதான் குந்தி எயுதிக்கினு போனீங்க. படி.”

கட்டை இறக்கி வைத்துவிட்டு மெர்சி உட்கார்ந்தாள். அடுப்பண்டையில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. ஷைனி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்கிற மாதிரி. இந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள் என்பது மெர்சிக்கு அப்போதுதான் புரிந்தது. தானும் அதையே செய்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, அச்சில் இருந்ததை இருந்தபடியே படித்தாள்.

“இன்னொரு தபா படி,” என்றாள் ரோசம்மாள்.

படித்தாள்.

“வலிப்பா?”

“ஆமாங்க்கா.”

ரோசம்மாள் பேப்பரை வாங்கி மகன் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“நாந்தான் குளிப்பாட்டனேன். வேற ஒருத்தர உடல. தொப்புளாண்டயிருந்து இந்த விலா வரிக்கும் வெந்து கெடந்தான். துணி போட்டா துணி ஒட்டிக்கினு வந்திச்சி. ஆஸ்பத்திரிக் காயிதத்துல வலிப்புன்னு எயுதிக்கிறான்னு சொன்னாங்க. எயுதட்டும், அவன் மில்லுக்காரன் வச்ச டாக்டரு, அவன் அப்பிடித்தான் எயுதுவான்னு இருந்தேன். நம்ம பேப்பர்ல வரும், நெசம் அதுல வரும்னு இருந்தேன். இன்னாத்துக்கு மெர்சி உங்க ஊட்ல ஒரு பேப்பரு? பேசாம அந்த டாக்டர் கையிலயே குடுத்துடுங்களேன்.”

நான் மாற்றவில்லை என்று சொல்ல மெர்சிக்கு வாய் வரவில்லை. மாற்ற முடிகிற இடத்தில் தம்பியை வைத்தது தன் கையெழுத்துதானே.

ஷைனி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “நான்தான் அத்தே அந்த வரிய உட்டுட்டுப் படிச்சேன்.”

ரோசம்மாள் மகளைத் திட்டவில்லை. “திங்கக்கெயம வேலைக்கிப் போறியா?” என்று மட்டும் கேட்டாள்.

“வரச் சொல்லிக்கிறாங்கம்மா.” மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. “பேக்கிங்குக்கு அந்த ஷெட்டத் தாண்டித்தான் போவணும். வேலைன்னு சொன்னப்ப போவலாம்னுதான் இருந்தேன். நேத்து முனுசாமியண்ணன் வந்து, அன்பு உயுந்த எடத்துல மணல் போட்டு மூடிக்கிறாங்க, பாத்துப் போம்மான்னு சொல்லிட்டுப் போச்சி.” தோளால் கன்னத்தைத் துடைத்தாள். “எயுதிக்கோ அத்தே. அம்மா சொல்றத அப்பிடியே எயுதிக்கோ.”

மெர்சி எழுதினாள். ரோசம்மாள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதினாள். முனுசாமியை வரச் சொன்னார்கள். அன்புவோடு எதிர்க் கொறடு பிடித்தவன் அவன். கம்பி தெறிக்கிறது என்று மூன்று நாளாகச் சொல்லியும் உருளையை நிறுத்தாமல் ஓட்டினதைச் சொன்னான். பேர் போடட்டுமா என்று கேட்டாள் மெர்சி. போடுக்கா, அப்பா பேரையும் போடு என்றான்.

துளசிராமன் அச்சடிக்க மறுத்துவிட்டார். ஜி.என்.டி. ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒற்றைத்தாளாக எடுத்தாள். 'காலனிச் சேதி' என்ற பேரைப் போட அவளுக்கு உரிமை இல்லை. அதனால் மேலே அந்த இடத்தை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டு, அடியில் தன் பேரையும் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் போட்டாள். காலை ஷிப்ட் பஸ்கள் நிற்கிற இடங்களில் அவளும் ஷைனியும் நின்று கொடுத்தார்கள். மொட்டப் பேப்பரு என்று அதற்கு ஜனங்கள் பேர் வைத்தார்கள். ஒரே வாரத்தில் அது தேர்வாய் கண்டிகை வரை போய்விட்டது.

எபினேசர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். தன் கட்சிக்காரரின் பத்திரிகைக்கும் நற்பெயருக்கும் களங்கம் விளைவித்ததாக மூன்று பக்கம். மெர்சி அடுத்த மொட்டப் பேப்பரில் அந்த நோட்டீஸை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அப்படியே போட்டாள். கீழே தன் பங்குக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. டீக்கடையில் அதை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். 'நற்பெயர்' என்று வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, மறுபடி அதே இடத்திலிருந்து படித்தாராம்.

மேனேஜர் சொன்னதைச் செய்தான். எபினேசரின் காண்டிராக்டை எடுத்துவிட்டு, வடக்கத்தி ஆட்களைக் கொண்டுவருகிற வேறொருவனிடம் கொடுத்தான். நூற்றி நாற்பது பேரில் எண்பது பேர் வெளியே வந்தார்கள். அந்த எண்பது வீடுகளில் பாதி வீடு மெர்சியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருநாள் காலையில் அவள் வாசலில் சாணி கரைத்து ஊற்றியிருந்தது. அவள் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள். யாரைக் கோபித்துக்கொள்வது என்பதில் அவளுக்கு இப்போது குழப்பம் இல்லை. வேலை போன வீடுகளையும் அவள் வீட்டையும் மோதவிட்டுவிட்டு மேலே உட்கார்ந்திருக்கிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாசல் சாணியைக் கழுவினது அவள் கைதான். அதுவும் தெரியும்.

மொட்டப் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பொன்னேரியிலிருந்து ஒரு வக்கீலம்மா தேடி வந்தார். ரோசம்மாள் மனுவில் கைநாட்டு வைத்தாள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தார்கள். கார்த்திகையில் உத்தரவு வந்தது, உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க. உத்தரவை வாங்கின கையோடு ரோசம்மாள் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, தன் வாயாலேயே பிள்ளையைத் தோண்டச் சொல்லிக் கேட்க வைத்துவிட்டார்களே என்று அழுதாள். அவள் அழுததை மெர்சி பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குறித்த நாளில் காலையிலிருந்தே தூறல். காலனிச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். தாசில்தார் குடையின் கீழ் நின்றார். டாக்டர்கள் இரண்டு பேர், போலீஸ், தோண்டுகிறவர்கள். தினசரிக்காரர்கள்கூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் மெர்சியிடம் வந்து, இறந்தவர் பேர் என்ன என்று கேட்டான். சொன்னாள். அப்பா பேரையும் அம்மா பேரையும் அவன் கேட்காமலேயே சொல்லி, எழுதுகிறானா என்று நின்று பார்த்தாள்.

மண்ணை எடுப்பதற்கு முன்னால், இதுதான் அந்தக் குழி என்று ஊரறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் தாசில்தார். முனுசாமி முன்னால் வந்து போட்டான். இன்னொரு ஆள் வேண்டும். கூட்டம் அசையவில்லை. பாதிப் பேர் இன்னும் அந்த மில்லில் வேலை பார்க்கிறவர்கள்.

வாசலில் நின்றுகொண்டிருந்த எபினேசர் உள்ளே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேராகத் தாசில்தாரின் மேஜைக்குப் போய்ப் பேனாவுக்குக் கை நீட்டினான்.

“நான் போடறேன் சார். பொதைக்கும்போது இருந்தேன்.”

ரோசம்மாள் எழுந்து வந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“நீ ஏற்கெனவே ஒரு தபா எயுதிட்டடா,” என்றாள். சத்தம் போடவில்லை. “போதும்.”

பேனாவை ஷைனியிடம் கொடுத்தாள். உறவுக்காரர் போடலாமா என்று பியூன் இழுத்தான். தாசில்தார் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, போடட்டும் என்றார். ஷைனி தன் பேரை முழுதாக எழுதினாள்.

எபினேசர் நின்ற இடத்திலேயே நின்றான். நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான். மெர்சி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நேரம், வந்தவர்கள், சாட்சி போட்டவர்கள். சிறு வயதில் அவள் இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பிதான். பாவமாக இருந்ததா என்று பிற்பாடு ஷைனி கேட்டபோது, இருந்தது, அதனால் கோபம் குறையவில்லை என்றாள்.

அவன் மெல்ல அவளருகில் வந்தான்.

“இத்தயும் போடுவியாக்கா?”

துணிக்குப் பின்னால் முதல் மண்வெட்டி ஈர மண்ணில் இறங்கிற்று. ரோசம்மாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள், முக்காடு போடாமல், மழையில்.

“போடுவேன்,” என்றாள் மெர்சி. “நவுந்துக்கோ. நோட்டு நனையுது.”